கறுப்பில் கிழித்தால் தெரியாது

லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றபோது, அவள் ஓவியத்தின் பின்பக்கம் இருந்தாள்.

கையகல ஓவியம் இல்லை. ஐந்தடி அகலம், ஆறடி உயரம். துணியில் அச்சடித்து, மரச்சட்டத்தில் முறுக்காக இழுத்து அடித்த நவீன ஓவியம். வெள்ளைப் பரப்பில் கறுப்பும் சிவப்பும் கட்டிப் புரண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தன. கடையில் அவளுக்குப் பிடித்தது வேறு. மஞ்சளும் சாம்பலும் கலங்கிக் கிடந்த ஒரு சின்னப் படம். அதன் முன்னால் கால் மணி நேரம் நின்றாள். கணவன் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"இது பாத்ரூம் வாசல்ல மாட்டுற சைஸும்மா. நம்ம ஹால் சுவரு என்ன நீளம்!"

அந்தச் சுவரை மூன்று முறை டேப் வைத்து அளந்தவன் அவன். கட்டட இன்ஜினீயர். லிஃப்டை மட்டும் அளக்கவில்லை.

படம் நேராக நுழையவில்லை. மூலைக்கு மூலை சாய்த்துத்தான் செருக முடிந்தது. "நீ முதல்ல உள்ள போய் அந்தப் பக்கம் பிடிச்சுக்கோ" என்றான். போனாள். எட்டு வருஷமாக அவன் சொன்ன பக்கம் போய்ப் பழக்கம். இப்போது கதவு, பட்டன், விளக்கு எல்லாம் அவன் பக்கம். அவளுக்கு முக்கோணமாக ஒரு மூலை, இரண்டு தகரச் சுவர், மூக்குக்கு முன்னால் துணி.

லிஃப்ட் குலுங்கி நின்ற வேகத்தில் சட்டத்தின் முனை கைப்பிடிக் கம்பிக்குள் போய்ச் செருகிக்கொண்டது. தள்ளினால் நகரவில்லை. இழுத்தால் முனகியது.

"ஏங்க, எனக்கு மூச்சு முட்டுது."

"முட்டாது. மேல ஒரு அடி கேப் இருக்கு. காத்து வரும்."

கணக்கு சரிதான். நெஞ்சுக்குத்தான் கணக்குத் தெரியவில்லை. அவளுக்கு ஸ்கேன் சென்டரில் வேலை. குழாய்க்குள் படுத்து அலறுகிறவர்களிடம் மைக்கில் "பயப்படாதீங்க, இன்னும் ரெண்டே நிமிஷம்" என்று தினமும் சொல்கிறவள். ரெண்டு நிமிஷம் எத்தனை பெரியது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. விரல் நுனிகள் மரத்துப்போயின. தகரச் சுவர்கள் இரண்டும் நெருங்கி வந்தன. கண்ணை மூடினால் இன்னும் நெருங்கின.

இருபது நிமிஷம் கழித்து மெக்கானிக் வந்து கதவை நெம்பித் திறந்தார். லிஃப்டின் தளம் மூன்றாம் மாடித் தரைக்கு இடுப்பளவு கீழே நின்றது. கணவன் கை ஊன்றி வெளியே ஏறினான்.

"என் வொய்ஃப் உள்ள இருக்கா. படத்துக்கு அந்தப் பக்கம்."

"படமா சார்? யாரோ பெயின்ட் டப்பாவோட விழுந்துட்டாங்கன்னு நெனச்சேன்."

வேடிக்கை பார்க்க வந்த மூன்றாம் மாடி அக்கா களுக்கென்று சிரித்தாள். மெக்கானிக் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கம்பியை அறுக்கணும். மெஷின் எடுத்துட்டு வர ஒரு மணி நேரம் ஆகும். துணியைக் கிழிச்சா அஞ்சே நிமிஷம்."

"ஒரு மணி நேரம் தாக்குப் பிடிப்பியாம்மா?"

"மாட்டேன். கிழிங்க."

பிறகு தொப்பென்று அவன் உள்ளே குதிக்கும் சத்தம். கையில் மெக்கானிக்கின் பிளேடு.

விளக்கு அவன் முதுகுக்குப் பின்னால். அவன் நிழல் அப்படியே துணியில் விழுந்தது. தலை இடப்பக்கம் சாய்ந்தது. விரல் மேலிருந்து கீழே ஊர்ந்தது. நின்றது. மறுபடி மேலே போனது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த விரலையே பார்த்தாள்.

"என்ன சார் தேடுறீங்க?"

"நடுவுல கை வெச்சா படமே போச்சு. இந்த ஓரத்துல கறுப்பு அடர்த்தியா இருக்கு பாருங்க. கறுப்புல கிழிச்சா தெரியாது. பின்னாடி ஒரு ஒட்டுப் போட்டுடலாம்."

"அந்த ஓரத்துல மேடத்தோட ஒரு கைதான் சார் வரும்!"

"இருங்க, பார்க்கலாம். ஒரு நிமிஷம்."

ஒரு நிமிஷம்.

அவள் கைப்பையைத் திறந்தாள். பிளாஸ்திரி வெட்டும் குட்டிக் கத்தரிக்கோல் விரலில் தட்டுப்பட்டது. சட்டத்தில் நெடுக நின்ற கட்டைக்கு இந்தப் பக்கம், துணி அகலமாக இருந்த இடத்தில், ஓங்கிக் குத்தினாள்.

டப்!

"ஏய்! ஏய்! அது சிவப்பும்மா!"

அவள் இழுத்தாள். தலை உயரத்திலிருந்து முழங்கால் வரைக்கும் துணி சர்ரென்று பிளந்தது. வெளிச்சம் முகத்தில் அடித்தது. ஒரு காலை வெளியே வைத்தாள், தோளை நுழைத்தாள்.

கணவன் பதறிப்போய்த்தான் நின்றான், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பிளேடைக் கீழே போட்டுவிட்டு ஒரு கையை அவளிடம் நீட்டினான். இன்னொரு கை கிழிசல் மேலே ஏறாமல் துணியை இறுக்கிப் பிடித்திருந்தது.

இரண்டு கையையும் அவள் பார்த்தாள். நிமிர்ந்து, மேலே குனிந்திருந்த மெக்கானிக்கின் கிரீஸ் கையைப் பற்றிக்கொண்டு ஏறினாள்.