இரண்டு விநாடி வயலின்

1

இது கட்டுரையாக வந்திருக்க வேண்டியது.

பத்திரிகை ஆசிரியர் ஒருவர் போன் செய்தார். "ரேடியோவும் எலக்ட்ரானிக் கருவியும் வந்து பாட்டையெல்லாம் எப்படி மாத்துச்சுன்னு ஒரு கனமான கட்டுரை வேணும் சார்." கனமான என்பதை அழுத்திச் சொன்னார். பழைய பேப்பர்காரரிடம் போடும்போது உதவும் என்று நினைத்திருக்கலாம். நானும் ஒப்புக்கொண்டு, வழக்கம்போல் பல நாள் ஜன்னலருகே பேசாமல் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் இதற்கு 'எழுதுகிறார்' என்று பெயர்.

பிறகு பல் மருத்துவரிடம் போனேன். காத்திருக்கும் அறையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பல்வலிக்காரர்களுக்கு ஏற்ற காதல் தோல்விப் பாட்டு. என் பக்கத்தில் ஒரு பெண்மணி. இடையிசையில் வயலின் வந்தபோது அவர் முகத்தைச் சுளித்தார். பல்லாக இருக்கும் என்று நினைத்தேன். வயலின் நின்றது, சுளிப்பும் நின்றது. அடுத்த இடையிசையில் மறுபடி வயலின், மறுபடி சுளிப்பு. பல்லுக்கு இவ்வளவு தாளஞானம் இருக்காது.

ஏன் என்று கேட்டிருக்கலாம். ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. வாய் திறப்பது எனக்கு எப்போதுமே கஷ்டம். பல் மருத்துவரும் அதையேதான் சொன்னார். ஆகவே, கீழே வருவதெல்லாம் நான் கேட்காத கேள்விக்கு அந்தப் பெண்மணி சொல்லாத பதில்.

2

முதல் தொடக்கம்: "மனிதகுலம் முதன்முதலாக ஒலியைக் காற்றில் ஏவிய அந்தக் கணத்தில்—"

(நிறுத்திவிட்டேன். மனிதகுலத்தில் தொடங்கும் கட்டுரைகளை மனிதகுலம் படிப்பதில்லை.)

இரண்டாம் தொடக்கம்: "அவள் வில்லை எடுத்தாள். வயலின் அழுதது."

(எந்த வயலினும் அழுவதில்லை. அழுகிறது என்று எழுதுகிறவர்களைத்தான் வயலின் பழகுகிறவர்கள் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கச் செய்ய வேண்டும்.)

மூன்றாம் தொடக்கத்தில் அலங்காரம் இல்லை. அதையே வைத்துக்கொள்வோம்.

ஓர் ஒலிப்பதிவுக் கூடம். சுவரெல்லாம் துளை போட்ட பலகை, மூலையில் யாரும் வாசிக்காத பியானோ, அதன் மேல் கழுவாத தேநீர்க் கோப்பைகள். அங்கே யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. வாசிக்கிற கருவிதான் பெயர்.

"முதல் வயலின் வந்தாச்சா?"

"அப்பவே வந்தாச்சு. கீபோர்டுதான் டீ குடிக்கப் போயிருக்கு."

முதல் வயலினும் கீபோர்டும் மனைவியும் கணவனும். (பல் மருத்துவரிடம் பார்த்த பெண்மணி 'அவர்'. கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிட்டாள். எழுத்தாளர்கள் முதலில் கை வைப்பது மரியாதையில்தான்.)

3

ஒருநாள் கீபோர்டு புதுப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தான். எந்த ஒலியைப் பதிந்து கொடுத்தாலும் அதை எல்லாக் கட்டைகளிலும் பரப்பிக் கொடுக்கும் வகை. நாய் குரைப்பதைப் பதிந்தால், ஏழு ஸ்வரத்திலும் நாய் குரைக்கும். கணவன் முதலில் செய்தது அதைத்தான். அக்கம்பக்கத்தார் பெருந்தன்மையாளர்கள், பொறுத்துக்கொண்டார்கள்.

அடுத்து மனைவியைக் கூப்பிட்டான். வெயில் கொளுத்தும் மத்தியானம். படுக்கையறைச் சுவரில் மெத்தையைச் சாத்தி, ஜன்னலை மூடி, மின்விசிறியை நிறுத்தி, நடுவில் ஒரு நாற்காலி.

"ஒவ்வொரு ஸ்வரமா வாசி. ரெண்டு செகண்ட் போதும்."

"ரெண்டு செகண்டுல என்னத்தைங்க வாசிக்கறது? வில்லு கிளம்பறதுக்குள்ள இறங்கணுமா?"

"பெட்டியில இடம் கம்மிம்மா. மீதியை அது பாத்துக்கும்."

"எதைப் பாத்துக்கும்?"

"முடிவை."

இயந்திரம் முடிவைப் பார்த்துக்கொள்ளும் விதம் எளிமையானது: முடிப்பதே இல்லை. இரண்டு விநாடி தீர்ந்ததும் நடுவிலிருந்து மறுபடி தொடங்கும். கட்டையிலிருந்து விரலை எடுக்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றான். அதையே பல முறை சொன்னான். வியர்வை அவள் கண்ணுக்குள் இறங்கியது.

"ஃபேனையாவது போடுங்க."

"சத்தம் பதிவாயிடும்."

"என் கோபம் பதிவாகாதா?"

"அதெல்லாம் மைக்குக்குத் தெரியாது."

தெரிந்தது. எரிச்சலில் அவள் இடது கை விரல் வயலின் தந்தியின் மேல் வெடவெடத்தது. அவள் வாசிப்பில் என்றுமே இல்லாத, அவசரமான ஒரு நடுக்கம். இயந்திரம் அதைச் சுற்றவிட்டபோது நடுக்கம் ஒரே சீராகத் திரும்பத் திரும்ப வந்தது. கீழ்க் கட்டைகளில் மெதுவாக, மேல் கட்டைகளில் வேகமாக. அவளுக்குக் கேட்கவே கூசியது. மறுபடி பதியலாம் என்றாள். மெத்தையை எடுத்துப் போட்டாயிற்று என்றான் அவன்.

கூடத்தில் இசையமைப்பாளர் அதைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "அடடா... என்ன சோகம்யா இது!"

அன்று தொடங்கி, அந்த ஊர்த் திரைப்படங்களில் யாருக்குக் காதல் தோற்றாலும் பின்னால் ஒலித்தது, மின்விசிறி போடாத கணவன்மேல் ஒரு மனைவிக்கு வந்த எரிச்சல்தான்.

4

ஆசிரியருக்கு நான் கடன்பட்ட கனமான பகுதி இது. அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம். தாண்டுவீர்கள் என்று தெரிந்துதான் சின்னதாக வைத்திருக்கிறேன்.

அடுப்படி அலமாரியில் நிற்கும் சின்ன ரேடியோவுக்கு மிகவும் கனத்த ஒலியும் வராது, மிகவும் கூர்மையான ஒலியும் வராது. நிஜ வயலின்கள் கூட்டமாக வாசித்தால் அதில் கொசுக்கூட்டம் போலக் கேட்கும். பெட்டிக்குள் இருந்த வயலினுக்கோ மேலும் கீழும் நறுக்கப்பட்டு நடுப்பகுதி மட்டும் மிஞ்சியிருந்தது. சின்ன ரேடியோவுக்குப் பேசத் தெரிந்த இடமும் அந்த நடுப்பகுதிதான். ஒன்றுக்கொன்று பார்த்துப் பண்ணிய ஜோடி. வானொலியில் பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் நிலையத்துக்காரர் குதூகலித்தார்: "நேரா அடுப்படியில போய் நிக்குது சார்! இதே மாதிரி கொண்டாங்க."

கொண்டுவந்தார்கள். கீழ்க் கட்டைகளின் மெதுவான நடுக்கத்துக்கு ஏற்பத் தாளத்தையும் மெதுவாக்கினார்கள். வயலின் நடுங்குவதால் பாடகர்களும் குரலை நடுக்கிப் பாடினார்கள். ஸ்வரம் முடியாததால் பாட்டையும் முடிக்க முடியவில்லை. ஒலிப்பதிவாளர் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மறையவைத்தார். அறிவிப்பாளர்களுக்கு அது வசதி, தேயும் பாட்டின் மேல் ஏறி நின்று பேசலாம். விமர்சகர்கள் இதற்கெல்லாம் ஒரு காலகட்டத்தின் துயரம் என்று பெயர் வைத்தார்கள்.*

* இதெல்லாம் இந்தக் கதைக்குள் மட்டும் செல்லுபடியாகும். பரீட்சையில் எழுதி மதிப்பெண் இழந்தால் நான் பொறுப்பல்ல.

5

அவளை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. போன் செய்யவில்லை, அவ்வளவுதான். பெட்டியில் அவள் இருக்கும்போது நாற்காலியில் எதற்கு? மற்ற வயலின்காரர்களும் அப்படியே வீட்டுக்குப் போனார்கள். தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்கப் போய்விட்ட நாலாவது வயலின், கடைத்தெருவில் அவளைப் பார்த்துப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, காலையில பஸ்ல உங்களைக் கேட்டேன். எங்களுக்கெல்லாம் வேலை போச்சு. உங்களுக்கு மட்டும் நீங்க போகாமலே வேலை நடக்குது. குடுத்து வச்சவங்க!"

"வாயை மூடுடா. உன் மிஷின்ல ஒண்ணு வாங்கிடுவேன்னு பயமா இருக்கு."

அவள் விரும்பியது ஒன்றே ஒன்று. மறுபடி கூடத்தில் உட்கார்ந்து, ஒரு ஸ்வரத்தைத் தானே தொடங்கித் தானே முடிக்க வேண்டும். அதற்காகத் தினமும் காலையில் சாதகம் செய்தாள். எந்தப் போனுக்காக என்று கணவன் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

இந்த இடத்தில் அவனை வில்லனாக்கிவிடலாம் என்று பார்த்தேன். "அவன் ஏளனமாகச் சிரித்தபடி" என்று எழுதி—

(வேண்டாம். அவன் சிரிக்கவில்லை. "உன்னை அழியாம வச்சிருக்கேன்ம்மா, நாடே உன்னைத்தான் கேக்குது" என்றான், நிஜமாகவே நம்பினான். வில்லன்களோடு சண்டை போடலாம். இப்படிப்பட்டவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டியிருக்கிறது.)

6

பல வருடம் கழித்து ரசனை மாறியது. பழைய பாட்டுகளை நிஜக் கருவிகளோடு மேடையில் வாசிப்பது புதுமையாயிற்று. இசையமைப்பாளர் பெரிய அரங்கில் ஒரு கச்சேரிக்கு ஏற்பாடு செய்தார். வானொலியில் நேரடி ஒலிபரப்பு. போன் வந்தது.

ஒத்திகை பழைய கூடத்தில். அவள் அந்தக் காதல் தோல்விப் பாட்டை வாசித்தாள். ஒவ்வொரு ஸ்வரமும் எழுந்து, நடந்து, ஓர் இடத்தில் போய் அமர்ந்தது. வாசித்து முடித்து நிமிர்ந்தாள்.

இசையமைப்பாளர் தொண்டையைச் செருமினார். "நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா ஒரிஜினல் மாதிரி இல்லையே."

"ஒரிஜினலே நான்தானே சார்?"

"அது சரி. அதுல ஒரு நடுக்கம் வருமே? அந்த உயிர் இதுல இல்லை."

நிலையத்துக்காரர் சமாதானம் சொன்னார். "நேயர்கள் ஏமாந்துடுவாங்க மேடம். டூப்ளிகேட்னு போன் பண்ணித் திட்டுவாங்க. அந்த நடுக்கத்தை மட்டும் போட்டுடுங்களேன். உங்களால முடியலைன்னாலும் பரவாயில்லை. கீபோர்டு சார்கிட்ட பெட்டி இருக்கு. நீங்க சும்மா வில்லை அசைச்சா போதும், பாக்கறதுக்கு நல்லா இருக்கும்."

கீபோர்டு தன் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

7

இனி முடிவுகள். உங்களுக்காகச் சிலவற்றைச் செய்து பார்த்தேன்.

அ. அவள் மேடையில் தன் விருப்பப்படி வாசிக்கிறாள். அரங்கமே உருகி எழுந்து நின்று— (இல்லை. பழகிய நடுக்கம் கேட்காததால், "கரண்டு போயிடுச்சா?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்பார்.)

ஆ. வயலினைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறாள். கம்பீரமான முடிவு. ஆனால் அவள் போன பிறகும் பெட்டி வாசிக்கும். அதாவது, அவளே வாசிப்பாள். உலகத்திலேயே ராஜினாமா செய்ய முடியாத வேலை அவளுடையது.

இ. நடுக்கத்தோடு வாசிக்கிறாள், கைதட்டு வாங்குகிறாள், வீட்டுக்கு வந்து— (வீட்டுக்கு வந்து என்ன? எழுத முடியவில்லை.)

மூன்றும் உருப்படாததால், அவளையே பேசவிட்டேன்.

8

இடைவேளை. எல்லோரும் கீழே டீ குடிக்கப் போனார்கள். இவர்கள் இருவர் மட்டும்.

"ஏங்க, நான் வாசிக்கறேன். அவங்க கேக்கற மாதிரியே, நடுக்கத்தோட."

"அப்பாடா. நல்லவேளை."

"ஆனா பெட்டியில இருக்கறதை இப்பவே அழிச்சுடுங்க."

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. (முன்பே சொல்லியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன்: அந்த வயலினுக்கு வேறு நகல் கிடையாது. எடுத்தால் திருடிவிடுவார்கள் என்று அவன் எடுக்கவேயில்லை. அந்த ஒலிக்காகத்தான் எல்லாரும் அவனைக் கூப்பிட்டார்கள்.)

"உனக்கென்ன பைத்தியமா? நாளைக்கு என்னை யாரு கூப்பிடுவா?"

"இத்தனை வருஷமா நான் அதைத்தாங்க யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"மேடையில உனக்குக் கை வரலைன்னா? நடுவுல நின்னுடுச்சுன்னா?"

"நின்னா நின்னதுதான். நிக்கற உரிமைக்காகத்தானே கேக்கறேன்."

அவன் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பிறகு பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தினான். சின்னத் திரையில் கேள்வி வந்தது: அழிக்கவா? ஆம். இல்லை.

விரல் அங்கேயே நின்றது.

எனக்கு மௌனங்கள் பிடிக்கும். வருடக்கணக்கில் உட்கார்ந்திருப்பேன். இந்த ஒன்றில் மட்டும் என்னால் உட்கார முடியவில்லை. 'ஆம்' என்று எழுதினால் அவன் அவ்வளவு நல்லவனில்லை என்று தோன்றுகிறது. 'இல்லை' என்று எழுதினால் அவள் முகத்தை நான் வர்ணிக்க வேண்டியிருக்கும். இரண்டுக்கும் எனக்குத் தைரியமில்லை. ஆகவே உங்களிடம் விடுகிறேன்.

கொஞ்சம் சீக்கிரம். டீ குடிக்கப் போனவர்கள் படியேறி வருகிறார்கள். அவர்கள் முன்னால் என்றால், அவன் 'இல்லை'யைத்தான் அழுத்துவான்.