வறண்ட போருக்கு ஒரு பூஜை

1

இந்தக் கதை எனக்கு ஒரு கட்டுரையிலிருந்து கிடைத்தது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறை சொல்லக் கூடாது. எண்ணெய் எடுக்கும் ஊர்களைப் பற்றிய கட்டுரை அது. பழைய எண்ணெய்க் கிணறுகளில் எண்ணெயைவிட உப்பு நீர்தான் பல மடங்கு மேலே வருமாம். அதைச் சுத்தம் செய்யச் செலவு அதிகம். மறுபடி பூமிக்குள் தள்ளிவிட்டால் மலிவு. படித்து முடித்துக் குழாயைத் திறந்தேன். அயனம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் போர் தண்ணீர்தான். பிடித்த டம்ளரைக் குடிக்காமல் அப்படியே வைத்துவிட்டேன்.

2

முதல் வரியாக இதை எழுதினேன்: "ஓமன் பாலைவனத்தில் தேவராஜ் தண்ணீரைப் புதைத்துக்கொண்டிருந்தான்."

[அடித்துவிட்டேன். ஓமனை நான் பார்த்ததில்லை. பார்த்த ஊரைப் பற்றிப் பொய் சொல்வதுதான் எனக்குச் சுலபம்.]

ஆகவே தேவராஜ் எங்கள் பக்கத்து ஊரான மேனாம்பேட்டுக்குத் திரும்பிவிட்டான். அங்கே எண்ணெய் வயலில் கழிவு நீரை ஆழத்துக்கு இறக்கும் பம்பு அவன் பொறுப்பில் இருந்தது. இப்போது வேலை இல்லை. மனைவி ஜோதிகா தன் அண்ணன் ராஜசேகரனின் பிளேட்டிங் பட்டறையில் வேலை செய்கிறாள். அதே தெருவிலிருந்து பத்துப் பெண்கள் அவளோடு போகிறார்கள். பட்டறைக்குப் பின்னால் ஒரு வறண்ட போர். அதன் பக்கத்தில், முலாம் பூசிக் கழுவிய மஞ்சள் தண்ணீர் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் விளிம்பு வரை நிற்கிறது.

"மாப்ளே, அங்க நீ செஞ்ச வேலதான? இங்கயும் செய்யேன்," என்றான் ராஜசேகரன்.

"அங்க வேற மச்சான். இரும்பு பைப்பு, சுத்தியும் சிமெண்டு. குடிக்கிற தண்ணிக்கு எத்தினியோ கீழ போய் உடுவோம். இங்க உட்டா நேரா ஊத்துல கலந்துரும்."

"லாரில அனுப்பி சுத்தம் பண்ணா கட்டுப்படி ஆவாது. பட்டறைய மூடிகினு ஊட்ல குந்தலாம்ன்றியா? உன் பொண்டாட்டிக்கும் சேத்து சொல்லு."



3

ராஜசேகரனை வில்லனாக்கிப் பார்த்தேன். மோதிரம், தொப்பை, தங்கப்பல் எல்லாம் மாட்டினேன். எதுவும் ஒட்டவில்லை. அவன் கணக்கில் தப்பில்லை என்பதுதான் என் ஆத்திரம். அந்தப் போர் வற்றும்வரை உறிஞ்சிய தண்ணீருக்கு அவன் விலை கொடுத்ததில்லை. இப்போது உள்ளே அனுப்புவதற்கும் யாரும் விலை கேட்கவில்லை. அவனுக்கு முலாம் வேலை கொடுக்கும் பெரிய கம்பெனியோ கூலியில் ஒரு பைசா கூட்டித் தராது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.*

(* என் கைப்பேசியின் திருகுகளுக்கும் எங்கோ யாரோ முலாம் பூசியிருப்பார்கள். இதை அடிக்குறிப்பில் வைப்பது கோழைத்தனம். தெரிந்தேதான் வைக்கிறேன்.)

4

இரண்டு முடிவுகள் எழுதினேன்.

தேவராஜ் மறுக்கிறான். வேறொருவன் அந்தத் தொட்டியை ஏரிக்கரையில் கவிழ்த்துவிட்டுப் போகிறான். தேவராஜ் மட்டும் நல்லவனாக வீட்டில் உட்கார்ந்து — வேண்டாம், கிழித்துவிட்டேன்.

தேவராஜ் ஒப்புக்கொள்கிறான். தெருவில் எந்தக் குழாயிலும் நிறம் மாறவில்லை. வருடங்கள் போகின்றன. அப்புறம் ஒரு வீட்டில் ஒரு குழந்தைக்கு —

இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

5

மிச்சமிருப்பது தண்ணீரை இறக்க நாள் குறித்த வெள்ளிக்கிழமைக் காலை மட்டும். பூஜை போடாமல் ராஜசேகரன் எதையும் தொடங்க மாட்டான். வறண்ட போரின் வாயில் மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, கற்பூரம் ஏற்றினான். புதுப் போர் போட்டால் செய்வதை அப்படியே செய்தான். [கற்பனை செய்தபோது சிரித்தேன். எழுதும்போது சிரிப்பு வரவில்லை.]

பூஜைக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் வேண்டும். பட்டறைக்கு வருவது லாரித் தண்ணீர். அது சாமிக்கு ஆகாது என்றுவிட்டான். பக்கத்து வீட்டுக் கன்னியம்மா வாசலில் இட்லிக் கடை போட்டிருப்பவள். கேட்டதும் தன் போரில் ஒரு குடம் பிடித்து இடுப்பில் தூக்கிவந்தாள். அவள் போருக்கும் இதற்கும் நடுவே ஒரு மதில்தான்.

தேவராஜின் கை தொட்டியின் வால்வில் இருந்தது. திறந்தால் மஞ்சள் தண்ணீர் போருக்குள் இறங்கும். குடத்தை வாங்க அந்தக் கையை எடுத்தான். தண்ணீர் தளும்பி அவன் விரல்களில் சில்லென்று வழிந்தது.

கன்னியம்மா கற்பூரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"நின்னுபோன போருக்கு உசுரு குடுக்கறீங்கோ, நல்லா இருப்பீங்கோ. எம்போரும் வர வர கொறஞ்சிகினே கீது. இதுல தண்ணி வந்துச்சுன்னா எனக்கும் ஒரு கொடம் உடுவியாண்ணா?"

ராஜசேகரன் தலை குனிந்துகொண்டான். பட்டறை வாசலில் நின்ற ஜோதிகா புருஷன் முகத்தையே பார்த்தாள்.

"கன்னிம்மா, இது வந்து..." என்று தொடங்கினான் தேவராஜ்.

அவன் வாயில் வைக்க என்னிடம் அடுத்த வார்த்தை இல்லை. உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்களின் வேலை போகும். மறைத்தால், கன்னியம்மா இட்லி மாவில் ஊற்றும் தண்ணீர் போகும். எழுதுகிறவன் நான்தான், ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் கேட்டது உங்கள் காதிலும் விழுந்தது. அடுத்த வார்த்தையைக் கொஞ்சம் சீக்கிரமாகச் சொல்லுங்கள். அடுப்பில் இட்லியை வைத்துவிட்டு வந்திருக்கிறாள், குடத்துக்காக நிற்கிறாள்.