இராசாத்தியின் இரண்டு செக்கன்

கடற்கரை மண்டபத்தில் கிளாஸ் கழுவுகிறவனுக்கு அங்கே போடுகிற பாட்டுப் பிடிக்கவேண்டும் என்று சட்டமில்லை. இத்தாலியின் மொந்தெல்லோவில் மூன்று கோடைகாலம் வேலை செய்திருக்கிறேன். அந்த டும் டும் சத்தம் தொடங்கினாலே எனக்கு எரிச்சல் வரும்.

2009 ஜூன், ஒரு சனிக்கிழமை பிற்பகல். அன்றைய நடனத்துக்காக வந்திருந்த பிரெஞ்சுக்காரன் ஸ்பீக்கர்களைச் சோதித்துக்கொண்டிருந்தான். பெரிய ஆள் என்றார்கள். சொந்தமாக ஒருவரையும் பாடவைக்கமாட்டான். பழைய ரெக்கோட், கசெற் என்று கிடைத்ததில் ஒரு துண்டை வெட்டி, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு, கீழே அடி போடுவான். இதற்குத்தான் ஊர் உலகமெல்லாம் ஆடுகிறதாம்.

அன்றைக்கு அவன் போட்ட துண்டு தமிழில் இருந்தது.

"நான் வாறன்... நான் வாறன்... நான் வாறன்..."

கையிலிருந்த கிளாஸ் தொட்டிக்குள் விழுந்து உடைந்தது. என் மனைவி செலஸ்ரீனாவின் தங்கை இராசாத்தியின் குரல் அது. எதைச் சொல்லி முடித்தாலும் மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு விடுவாள். அந்தச் சிரிப்பும் இருந்தது.

ஜனவரியில் வன்னியில், புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தடவை கதைத்தவள், அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. மே மாதம் சண்டை முடிந்தது என்றார்கள். முகாம் பட்டியல்களில் அவள் பெயர் கிடையாது. தங்கை உயிரோடிருக்கிறாள் என்று பிடிவாதமாக இருந்த செலஸ்ரீனா அன்று காலைதான் மனம் தளர்ந்தாள். ஆறு மணிப் பூசையில் இறந்தவர்களோடு சேர்த்து வாசிக்கத் தங்கையின் பெயரையும் கொடுக்கப்போவதாகச் சொன்னாள். எங்கள் கத்தோலிக்கச் சனத்துக்குள் கோயிலில் பெயர் வாசித்தால் கதை முடிந்தது. பிறகு ஒருவரும் தேடமாட்டார்கள்.

உடனே அவளுக்குப் போன் எடுத்தேன்.

"பேர் குடுக்காதை. பொறு."

"ஏன்? உயிரோடை இருக்கிறாளோ?"

"தெரியாது. அவளின்ரை குரல் இஞ்சை கேக்குது."

"இஞ்சாருங்கோ, நான் வேலை செய்யிற சிஞோறாவின்ரை வீட்டிலை நிக்கிறன். வடிவாச் சொல்லுங்கோ."

"ஆறு மணிக்கு முதல் கோயிலடிக்கு வாறன்."

போனை வைத்தேன். அந்தக் குரல் எந்தக் கசெற்றில் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

சோதனைச் சாவடிக்குப் பயந்து, ஊரிலிருந்து வருகிற குரல் கடிதங்களைத் தேவப்பாட்டுக் கசெற்றுக்குள் ஒளித்து அனுப்புவார்கள். இராசாத்தியின் கணக்கு, இரண்டாம் பக்கத்தில் மூன்று பாட்டு முடிந்தபிறகு கதை. சோதிக்கிறவன் அதற்குள் அலுத்துப்போய் நிறுத்திவிடுவான். போன வருடம் மாசியில் ஒரு கன்னியாஸ்திரி மூலம் ஒரு சிவப்புக் கசெற் வந்தது. செலஸ்ரீனா இரண்டாம் பக்கத்தைக் கடைசிவரை கேட்டாள். வெறும் பாட்டு. அவளுக்கு இரண்டு வீட்டு வேலை, மற்றப் பக்கத்தை என்னைக் கேட்கச் சொன்னாள். அரை மணித்தியாலம் தேவப்பாட்டுக் கேட்க எனக்கென்ன விசரா? இரண்டு நாள் கழித்து, "கேட்டனான், அதுவும் பாட்டுத்தான்" என்றேன்.

பச்சைப் பொய். பிறகு கோயில் பசாருக்குக் கொடுத்த பழைய சாமான்களோடு அதையும் போட்டுவிட்டேன்.

ஈரக் கையோடு மேடையில் ஏறி, பிரெஞ்சுக்காரனின் மெசின் மேல் கையை வைத்தேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"வெட்டியெடுத்த குரலுக்கு வழக்குப் போட வந்தாயா?" என்று உடைந்த இத்தாலியனில் கேட்டான்.

"இந்தக் கசெற் எங்கே?"

"போன கோடையில் பல்லரோ சந்தையில் ஒரு பை பழைய கசெற்றோடு வாங்கினேன். யார் நீ?"

வாசலில் நின்ற காவல்காரன் ஓடிவந்து என் தோளைப் பிடித்தான். இத்தாலியன் எல்லாம் மறந்துபோய்விட்டது. "அவள் என் மனைவியின் தங்கை. செத்துவிட்டாளா என்று தெரியாது" என்று மட்டும் சொல்ல முடிந்தது. பிரெஞ்சுக்காரன் கையை விட்டான். காவல்காரனைப் போகச் சொன்னான்.

எதையும் அழிக்கிற பழக்கம் தனக்கில்லை என்றான். எந்தத் துண்டு எப்போது தேவைப்படும் என்று தெரியாதாம், அதனால் கசெற் முழுவதும் கம்ப்யூட்டரில் இருந்தது. முதலாம் பக்கம், பதினேழாவது நிமிடத்தில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தான். அந்தச் சிரிப்புக்காகத்தான் இரண்டு செக்கன் எடுத்தானாம். நான் கேட்காத பக்கத்தை, ஒரு சொல்லும் விளங்காத அவன் முழுக்கக் கேட்டிருக்கிறான். எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டான்.

"அக்கா, அத்தான், இனி ரெண்டாம் பக்கத்திலை கதைக்க ஏலாது, அவங்கள் கண்டுபிடிச்சிட்டாங்கள். ராமேஸ்வரத்துக்கு ஒரு வள்ளம் போகுது. ஏர்னஸ்ற் மாமா எனக்கு இடம் பிடிச்சு வைச்சிருக்கிறார். தனியப் போகப் பயமாக் கிடக்கு. அங்கையிருந்து என்னை உங்களிட்டை எடுப்பியள் எண்டால் ஏறுவன். போனிலை இதைக் கதைக்க வேண்டாம். பாட்டுக் கேட்டனீங்களோ எண்டு கேப்பன். விருப்பமெண்டால், மூண்டாவது பாட்டுப் பிடிச்சிருக்கு எண்டு சொல்லுங்கோ. நீங்கள் கூப்பிட்டால் நான் வாறன்."

சிரிப்பு. மஞ்சள் கோடு அங்கே முடிந்தது. கசெற் முடியவில்லை.

"இல்லாட்டி சனத்தோடை சேந்து வன்னிக்குப் போறன். கோவிக்கமாட்டன்."

கசெற் வந்த அந்த வருடம், பெரிய வெள்ளிக்கு முதல் கிழமை அவள் போன் எடுத்தாள். செலஸ்ரீனா வேலையால் வரவில்லை. நான்தான் கதைத்தேன்.

"பாட்டுக் கேட்டனீங்களோ, அத்தான்?"

"ஓம், ஓம், எல்லாம் நல்லாயிருக்கு."

"எல்லாமோ? வேறை ஒண்டும் சொல்ல இல்லையோ?"

"வேறை என்ன சொல்லுறது? அக்கா வந்தாப்போலை எடு."

"சரி அத்தான்" என்றாள்.

பிரெஞ்சுக்காரன் அந்தப் பக்கத்தை ஒரு சிடியில் பதிந்து தந்தான். இன்றைக்கு அந்தப் பாட்டைப் போடமாட்டேன் என்றும் சொன்னான். அவன்மேல் கோபப்பட எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பஸ் ஊர்ந்தது. கபோ சந்தைக்குள்ளால் ஓடினேன். செலஸ்ரீனா கோயில் வாசலில், பெயர் எழுதிய கடதாசித் துண்டைக் கைக்குள் மடித்து வைத்துக்கொண்டு நின்றாள். ஆறுக்கு ஏழு நிமிடம் இருந்தது. அவளுடைய முகத்தில் இருந்த நம்பிக்கையை என்னால் பார்க்கமுடியவில்லை.

"எங்கை இருக்கிறாளாம்?"

இது பழைய பாட்டுக் கசெற் என்று சொன்னால் போதும். பொய் நாக்கு நுனிவரை வந்தது.

"முதலாம் பக்கத்தை நான் கேக்கேல்லை, செலஸ்ரீனா. கேட்டனான் எண்டு பொய் சொன்னனான்."

மற்றதையும் சொன்னேன். வள்ளம், மூன்றாவது பாட்டு, அந்தப் போன், எல்லாம். கத்துவாள், அடிப்பாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். மணி அடித்தது. சிடியை என் கையிலிருந்து வாங்கித் தன் பைக்குள் வைத்தாள். மடித்த துண்டை என் உள்ளங்கைக்குள் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

"இதை நீங்களே கொண்டுபோய்க் குடுங்கோ" என்றாள்.

பாதர் பீடத்துக்கு வருமுன் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.