கப்பியில் ஒரு சுழி

எரிந்துபோகிற தெர்மாகோல் யாருடையது என்று யார் கேட்கப்போகிறார்கள்? அந்த ஒரே தைரியத்தில்தான் டெய்சி பெயர்ச் சீட்டுகளை மாற்றி வைத்தாள்.

செஞ்சியில் அரிகிருஷ்ணன் பட்டறையின் மாலை வகுப்பில் எல்லோருக்கும் ஒரே வேலை, கிணற்றுக் கப்பி. தெர்மாகோலில் அதைச் செதுக்கி, பிளாஸ்டர் கூழில் தோய்த்துக் காயவைத்து, மணலில் புதைத்து, உருகிய அலுமினியத்தை ஊற்ற வேண்டும். தெர்மாகோல் எரிந்து மறைய, அந்த இடத்தை உலோகம் பிடித்துக்கொள்ளும். நன்றாக வார்ப்பவருக்குப் பட்டறையிலேயே வேலை.

கப்பியின் ஒவ்வோர் ஆரக்காலையும் திரும்பத் திரும்ப அளந்தும் நம்பிக்கை வராதவள் டெய்சி. நேற்று, காய்ந்துவிட்டதா என்று மறுபடியும் தூக்கிப் பார்த்ததில் ஓர் ஆரக்கால் விரிசல் விட்டது. பக்கத்தில், அதே வெள்ளைப் பூச்சில், அவலூர்பேட்டை குருவின் கப்பி.

இன்று மணலைக் கொட்டியபோது, குருவின் பெயரில் இருந்தது ஓர் ஆரக்கால் இல்லாமல் வந்தது.

"இன்னாடா இது, மூணு கால் நாய் மாதிரி?" என்றார் அரிகிருஷ்ணன்.

குரு அசட்டுச் சிரிப்பு சிரித்தான். "பஸ்ஸுக்கு ஓடுற அவசரம் சார்."

டெய்சியின் பெயரில் இருந்தது முழுசாக வந்திருந்தது. அவர் அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் புரட்டினார்.

"இன்னாம்மா, ஞாயித்துக்கெழம பூசைக்குப் போற பொண்ணு பிள்ளையார் சுழி போட்டிருக்க?"

வகுப்பே சிரித்தது. நடுத்துளையின் ஓரத்தில் குட்டியாய் ஒரு 'உ'. குரு எந்த வேலையையும் அப்படித்தான் தொடங்குவான். பூச்சு அதை மூடியிருந்தது. தெர்மாகோலில் உள்ள நகக்கீறலைக்கூட உலோகம் விடாது என்று முதல் வகுப்பிலேயே சொல்லித் தந்திருந்தார்கள்.

"குருகிட்ட கத்துக்கினியா?"

தலையாட்டினாள். ஆட்டிய தலையை நிமிர்த்த முடியவில்லை.

குரு மட்டும் சிரிக்கவில்லை. உடைந்த கப்பியைத் திருப்பிப் பார்த்தான். அதில் சுழி இல்லை. அதைக் கீழே வைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டினான்.

"சார், அது குருவோடது," என்றாள் டெய்சி. "சீட்ட நான்தான் மாத்தி வெச்சேன்."

சிரிப்பு நின்றது. அரிகிருஷ்ணன் அவளைப் பார்க்காமலே கப்பியைக் குருவின் முன் நகர்த்தினார்.

"நாளையிலேர்ந்து வேலைக்கு வந்துடு."

குரு அதைத் தொடவில்லை.

"சொல்லியிருந்தா உனக்கு வேற ஒண்ணு வெட்டிக் குடுத்திருப்பேனே, டெய்சி," என்றான். "எம்மாம் நேரம் ஆவப்போவுது?"