துருப்பிடித்த பாதி

செல்லப்பா கொச்சியில் மட்டாஞ்சேரிக்கு வந்து நஜ்முதீனின் வெல்டிங் பட்டறையில் சேர்ந்தபோது படகு வேலைதான் அதிகம். பிறகு வைக்கம் பக்கத்து வயல்களில் டிராக்டர் ஓடத் தொடங்கியது. உடைந்த கொத்துக்கலப்பைகளை வள்ளத்தில் ஏற்றிப் படகுத்துறைக்குக் கொண்டுவருவார்கள். சேற்றுக்குள் வேரோ கல்லோ தட்டி இரும்புச் சட்டத்தின் மூலைகள் விரிந்திருக்கும். செல்லப்பா விரிசலை அடிவரை குடைந்தெடுத்து, வெல்டிங்கால் நிரப்பி, மேலே ஒரு பட்டை இரும்பும் வைத்துப் பற்றவைப்பான்.

கலப்பைகளைக் கொண்டுவருகிறவர்களில் ரஷீது என்கிற டிராக்டர் டிரைவர் பாலக்காட்டுக்காரன். வீட்டில் தமிழ் பேசுகிறவன். வேலை முடிகிறவரை செல்லப்பாவோடு உட்கார்ந்து சாயா குடித்துவிட்டுப் போவான்.

எண்பத்தொன்றாம் வருஷம் ஐப்பசியில் ரஷீது ஒரு சட்டத்தோடு வந்தான்.

"அண்ணே, இன்னிக்கே குடுத்திருங்க. விதைப்பு நெருங்கிருச்சு. முதலாளி சத்தம் போடுறாரு."

"குடுத்துரலாம். நீ சாயா சொல்லு."

சாயங்காலம் சட்டம் வள்ளத்தில் திரும்பிப் போனது.

அந்த வாரமே சேதி வந்தது. ரஷீது கலப்பையைத் தூக்கி நிறுத்திவிட்டு இறங்கி, கொழுவில் சுற்றியிருந்த பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். டிராக்டரோடு கோக்கும் இடத்தில் சட்டம் முறிந்து, கலப்பை அப்படியே அவன் காலில் விழுந்தது. எறணாகுளம் ஆஸ்பத்திரியில் பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

முறிந்த சட்டம் பட்டறைக்கு வந்தது. நஜ்முதீன் செல்லப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. இஞ்சிக் குடோனில் வேலை பார்த்த செல்லப்பாவின் மனைவி ஒச்சம்மாளைக் கூப்பிட்டனுப்பினான்.

"நோக்கு சேச்சி," என்று முறிந்த இடத்தைக் காட்டினான். "பாதி துரு, பாதி வெள்ளை. வெள்ளை இப்போ முறிஞ்சது. துருப்பிடிச்ச பாதி முன்னாடியே பொட்டி விரிஞ்சது. இங்க வர்றப்பவே இருந்திருக்கு. பக்கத்துல வெல்டிங் வச்சிட்டு இதை விட்டிருக்கான். செல்லப்பா குடிக்கிறானா?"

"குடிக்க மாட்டாரு மொதலாளி."

"பின்னே?"

ஒச்சம்மாள் அந்தத் துருவில் விரலை வைத்துப் பார்த்தாள். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிகிற விரிசல். சில மாதங்களாகச் செல்லப்பா அவள் முகத்தை நேரே பார்க்காமல் காதோரம் பார்த்துப் பேசுவது அவளுக்கு நினைவு வந்தது. ஏதோ கோபம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள்.

வீட்டில் அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவள் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"ஏங்க, என் மூஞ்சி தெரியுதா?"

அவன் பார்வை அவள் காதோரம் போயிற்று.

"எதைப் பாக்கணுமோ அது தெரியல புள்ள. அதைச் சுத்தி இருக்கிறது தெரியுது. நடுவுல பொகை மாதிரி நிக்குது."

"எப்ப இருந்து?"

"போன மழைக்கு முன்னாடியே. சொன்னா வேலைய விட்டு நிப்பாட்டிருவாங்க. கை பழகுன வேலைதானேன்னு நெனச்சேன்."

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. சேலையை மாற்றிக்கொண்டு, "கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போயி ரஷீதப் பாப்போம்," என்றாள்.

படகில் எறணாகுளத்துக்குப் போனார்கள்.

ரஷீது கட்டிலில் கிடந்தான். போர்வை கால்மாட்டில் ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. செல்லப்பாவைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"வாங்க அண்ணே. நீங்க மனச விட்டுராதீங்க. நான்தான் அவசரப்படுத்துனேன். பொறுமையா செய்ய விட்டிருந்தா நீங்க பாத்திருப்பீங்க."

செல்லப்பா தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பேச்சை அவன் அப்படியே ஏற்றுக்கொண்டு போய்விடுவான் என்று ஒச்சம்மாளுக்குத் தோன்றியது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள்.

"உன் மேல தப்பில்ல தம்பி," என்றாள். "இவருக்குக் கண்ணு தெரியல. ரொம்ப நாளாவே தெரியல."

ரஷீது அவளைப் பார்த்தான். பிறகு செல்லப்பாவைப் பார்த்தான்.

"தெரிஞ்சுதான் செஞ்சு குடுத்தீங்களா அண்ணே?"

"ஆமா."

அடுத்த கட்டில்காரர் இருமிக்கொண்டிருந்தார். ரஷீது சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"போயிருங்க," என்றான்.

வரும் வழியில் செல்லப்பா, "நீ சொல்லியிருக்க வேண்டாம்," என்றான்.

"நீங்க சொல்லியிருக்கணும்," என்றாள் அவள்.

மறுநாள் அவனே பட்டறைக்குப் போய் நஜ்முதீனிடம் சொன்னான். நஜ்முதீன் கேட்டுக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த செல்லப்பாவின் கறுப்புக் கண்ணாடியை எடுத்து உள்ளே வைத்தான். அன்று பட்டறையைத் திறந்துவைத்திருந்தாலும் யாரும் வேலை செய்யவில்லை. பிறகு வேறொரு ஆள் வந்தான்.

செல்லப்பாவுக்கு இஞ்சிக் குடோனில் மூட்டை சுமக்கும் வேலை கிடைத்தது. அதற்கு ஓரப் பார்வை போதுமாக இருந்தது. ஒச்சம்மாளும் அங்கேயே வேலை பார்த்தாள். வீட்டில் பேச்சு குறைந்துபோயிற்று. சோறு போடவா, கதவைச் சாத்தவா, அவ்வளவுதான்.

ரஷீது கட்டைக்காலோடு பாலக்காட்டுக்கே போய்விட்டான் என்று ஒரு நாள் வள்ளக்காரன் சொன்னான். செல்லப்பா முதுகில் மூட்டையோடு நின்று அதைக் கேட்டான். பிறகு குடோனுக்குள் நடந்தான். அன்று ஒச்சம்மாள் எடுத்துவைத்த கப்பைக்கிழங்கை அவன் தொடவில்லை. அவளும் சாப்பிடச் சொல்லவில்லை.