அண்ணியின் பொருளாதாரம்

சமையலறை மேசையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அண்ணி ஒரு பன்னைப் பிய்த்தாள்.

"மொத பன்னு பசிக்கு. ரெண்டாவது ருசிக்கு. மூணாவது, சும்மா கெடக்கேன்னு. அவ்வளவுதான் இந்தப் பாடம்."

இறுதிநிலைப் பயன்பாடு என்று வகுப்பில் பலகை நிறையக் கோடு போட்டது எதிரே உட்கார்ந்திருந்த நாத்தனாருக்கு அப்போதுதான் புரிந்தது. பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் முழுநேரப் பட்டப்படிப்பில் சேர, முதலில் இந்த அறிமுகப் பொருளாதாரத்தில் தேற வேண்டும். அண்ணி ரொட்டிக் கடையிலிருந்தும் அவள் சலவைக் கடையிலிருந்தும் நேராக மாலை வகுப்புக்குப் போவார்கள். வழியெல்லாம் பாடத்தைப் பேசிக்கொண்டே திரும்புவார்கள். "ரெண்டு பேரும் பாஸாயிட்டா இந்த வீட்டுல நான் வாயத் தொறக்க முடியாது" என்பான் அண்ணன்.

ஒருநாள் கிடங்கு வேலையில் பெட்டி இறக்கும்போது அவனுடைய முதுகுத்தண்டில் வட்டு ஒன்று நழுவியது. இனி பாரம் தூக்கவே கூடாது என்றார் டாக்டர். எழுந்து உட்காரவே ஆள் வேண்டியிருந்தது.

யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. அண்ணி மாலை வேலையையும் கேட்டு வாங்கிக்கொண்டாள். "நீ போயிட்டு வா, நான் அடுத்த வாரம் வர்றேன்" என்றாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். நாத்தனார் கொண்டுவந்த குறிப்புகளை முதலில் படித்தாள். பிறகு வாங்கி அலமாரியில் வைத்தாள். பிறகு "அங்கயே வெச்சிரு" என்றாள். தன்னை வகுப்பை விடச் சொல்லி யாரும் கேட்கவில்லையே என்ற நிம்மதி நாத்தனாருக்குள் இருந்தது. அதை அவள் நெருங்கிப் பார்க்கவே இல்லை.

நாத்தனார் பரீட்சையில் தேறினாள். பட்டப்படிப்பில் இடமும் கிடைத்தது. படுக்கையிலிருந்தபடியே அண்ணன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அண்ணி இனிப்பு வாங்கி வந்து கொடுத்தாள். அதற்குப் பிறகு தேவைக்கு மட்டும்தான் பேசினாள்.

சலவைக் கடை வேலையை விட்ட அன்று, பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அண்ணியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"எம்மேல கோவமா அண்ணி?"

"கோவம் என்ன கோவம். நல்லாப் படி." கையிலிருந்த தட்டை வெகுநேரம் தேய்த்தாள். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் நீ. நீங்க படிங்க அண்ணி, நான் வேலைக்குப் போறேன்னு. நான் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேட்டிருக்கலாம்."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"பயமா இருந்துச்சு அண்ணி. சரின்னு சொல்லிட்டீங்கன்னா என்ன பண்றதுன்னு."

அண்ணி அவளைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது நாத்தனாருக்கு.

"தெரியும்" என்று சொல்லிக் குழாயை மூடினாள்.

உள்ளேயிருந்து அண்ணன் முனகினான். புரட்டிப் படுக்க வைக்கிற நேரம். அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய், அவன் தோளுக்கடியில் தன் தோளைக் கொடுத்தாள். பின்னாலேயே வந்து அறை வாசலில் நின்ற நாத்தனார் கட்டிலின் மறுபுறம் போய் இடுப்பைப் பிடித்தாள். அண்ணி வா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "ம்" என்றாள். இருவரும் சேர்ந்து தூக்கினார்கள். அண்ணன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். போர்வையின் இரண்டு முனைகளையும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துச் சரிசெய்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.