சுருக்கமா எழுதுங்க மேடம்

1

இந்தக் கதையின் முதல் பிரதி கதையே அல்ல, போலீஸ் புகார். தூத்துக்குடியில் ஒரு காவல் நிலையத்தில், ஃபேன் காற்றில் தாள் பறக்காமல் முழங்கையால் அழுத்திக்கொண்டு நான்கு பக்கம் எழுதினேன். உதவி ஆய்வாளர் முதல் பக்கத்தில் பாதியைப் படித்தார். "கதை மாதிரி இருக்கே. சுருக்கமா எழுதுங்க மேடம், எட்டு வரி போதும்" என்றார்.

எட்டு வரி எழுதிக் கொடுத்தேன். மிச்சமெல்லாம் என் கைப்பையில் கிடந்தது. அதைத்தான் இப்போது உங்களிடம் தருகிறேன். கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று நான்கு மாதம் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. எட்டு வரிக்கு ஒப்புக்கொண்டவள் நான்தான் என்ற கோபமும் அதில் சேர்த்தி.

(நான் யாரென்றால்: துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை. சனிக்கிழமை மதியங்களில் ஒரு காப்பகத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பேன். புருஷனுக்குப் பயந்து பிள்ளைகளோடு வெளியேறி வந்த பெண்கள் தங்கும் வீடு அது. எந்தத் தெரு என்று சொல்ல மாட்டேன். மாடியிலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று ஒரு வரி எழுதியிருந்தேன்; அடித்துவிட்டேன்.)

2

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன்.

"விளாத்திகுளம் பஸ்ஸிலிருந்து முத்துச்செல்வி இறங்கியபோது வெயில் அவள் முகத்தில்—"

வேண்டாம். வெயிலுக்கு இதில் வேலை இல்லை.

"அவள் கண்களில் ஆயிரம்—"

சீ.

நடந்ததைச் சொல்கிறேன். ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முத்துச்செல்வி தன் மகள் அனுசியாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனாள். பள்ளிக்கூட வாசலில் நிற்கவில்லை. தாண்டி நடந்தாள். பஸ் ஸ்டாண்டில் தூத்துக்குடி வண்டி நின்றது, ஏறிவிட்டாள். இங்கே வந்து இறங்கி, பெண்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். அவர்கள் காப்பகத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள். கையில் இருந்தது பிள்ளையின் புத்தகப் பையும் டிபன் பாக்ஸும். அனுசியாவுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. முத்துச்செல்விக்கு இருபத்தொன்பது. அவளுடைய இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது.

காப்பகத்தின் பொறுப்பாளர் சந்தனமாரி அக்கா. தாமிரபரணிக் கரையில் வயக்காட்டு வீட்டில் பிறந்தவர். நாலு வயல் தள்ளி நிற்பவரைக் கூப்பிட்டுப் பழகிய குரல். அவர் பதிவேட்டை விரித்து விவரம் கேட்டுக்கொண்டிருந்தபோது, அனுசியா அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"இங்கன அடிக்கது யாரு?"

சமையலறை எங்கே, பாத்ரூம் எங்கே என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். எல்லா வீட்டிலும் அப்படி ஒரு ஆள் இருப்பார். இங்கே அது யார் என்று தெரிந்துகொண்டால் ஒதுங்கி இருக்கலாம், அவ்வளவுதான்.

"ஏளா, இங்கன யாரும் யாரையும் அடிக்க மாட்டாவ" என்றார் அக்கா.

பிள்ளை நம்பவில்லை. மூன்று நாள் கவனித்துப் பார்த்து, அது சந்தனமாரி அக்காதான் என்று முடிவு செய்தாள், குரல் காரணமாக. அக்கா சோறு போட வந்தால் தட்டோடு சுவர் ஓரமாக நகர்ந்து போனாள். இதை என்னிடம் சொல்லும்போது அக்கா சிரிக்கத்தான் பார்த்தார். "அம்பத்திரண்டு வயசுக்கு மேல ஒரு பிள்ளைக்காகப் பேச்ச மாத்திப் படிக்கேன் பாத்துக்கோ" என்றார். மாற்றவும் செய்தார். அந்த வாரம் அவர் கூப்பிடுவது யாருக்கும் கேட்காமல் வீடே குழம்பிக் கிடந்தது.

3

மகாராஜனை எழுதுவதில் எனக்குச் சிக்கல் இருக்கிறது. அவன் முத்துச்செல்வியின் கணவன். முதல் பிரதியில் அவன் கையில் ஒரு குவார்ட்டர் பாட்டில் கொடுத்திருந்தேன். அது பொய். மகாராஜன் குடிப்பதில்லை. விளாத்திகுளத்தில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கிறான். வருகிறவர்களையெல்லாம் அண்ணாச்சி என்பான். கோயில் கொடை விழா என்றால் முதல் ஆளாக நிற்பான். அவனைக் குடிகாரனாக எழுதினால் உங்களுக்கு வசதி. குடிதான் காரணம், நம் வீட்டில் யாரும் குடிப்பதில்லை, ஆகவே இது நம்மைப் பற்றியது இல்லை என்று பக்கத்தைத் திருப்பலாம். அந்த வசதியை நான் செய்து தரப்போவதில்லை.

அடிக்கிற காட்சியும் கிடையாது. ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் இந்தக் கதையைப் பற்றிச் சொன்னபோது, "அது ஒண்ணு இருந்தாத்தான் மேடம் வாசகர் மனசுல நிக்கும்" என்றார். இரண்டு விரல்கள் மடங்காது என்று எழுதியிருக்கிறேன். அது போதாத வாசகருக்கு எதுவுமே போதாது.

4

அனுசியாவைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். பக்கத்துப் பள்ளியின் தலைமையாசிரியர் கிருபாநிதி. (பெயர் மாற்றியது. நல்ல மனிதர் என்று எல்லாரும் சொல்வார்கள், அதுதான் தொல்லையே.) பழைய பள்ளியின் டி.சி. வேண்டும், தகப்பனார் கையெழுத்து வேண்டும் என்றார். சந்தனமாரி அக்கா நான்கு தடவை நடந்தார். டி.சி. இல்லை என்பதற்காக ஒரு குழந்தையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அதை அக்கா அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினார். "சட்டம் இருக்கும்மா, நடைமுறைன்னு ஒண்ணு இருக்குல்லா" என்றார் கிருபாநிதி.

ஐந்து வாரம் பிள்ளை காப்பகத்திலேயே கிடந்தாள். சனிக்கிழமை நான் போனதும் வருகைப் பதிவு எடுக்கச் சொல்வாள். நான் பெயர் வாசிக்க வேண்டும். மூன்றாம் வகுப்புக்கு அவள் ஒருத்திதான். "அனுசியா" என்பேன். எழுந்து நின்று "உள்ளேன் டீச்சர்" என்பாள்.

ஆகஸ்டில் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கிடைத்தது. மகாராஜன் முத்துச்செல்வியை நெருங்கக் கூடாது, பிள்ளை படிக்கும் பள்ளிக்கும் வரக் கூடாது. அதன் நகலை அக்கா தலைமையாசிரியர் மேசையில் வைத்தார். அதன் பிறகுதான் சேர்த்துக்கொண்டார்கள்.

சேர்த்த மூன்றாவது வாரம் கிருபாநிதி பழைய பள்ளியிலிருந்து தகப்பனாரின் நம்பரை வாங்கி, மகாராஜனுக்குப் போன் செய்தார். ஏன் செய்தீர்கள் என்று பிறகு நான் கேட்டேன். "ஒரு மரியாதைக்குத்தான். பெத்தவருக்குத் தெரியாம இருக்கலாமா?" என்றார். நகல் அப்போதும் அவர் மேசை இழுப்பறையில்தான் இருந்தது.

5

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மகாராஜன் வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் மக்ரூன் இனிப்புப் பொட்டலம். கிருபாநிதி டீ வரவழைத்துக் கொடுத்தார். அலுவலக உதவியாளர் மூன்றாம் வகுப்புக்குப் போய், "அனுசியா, ஒங்க அப்பா வந்திருக்காவ, மக்ரூன் வாங்கிட்டு வந்திருக்காவ, வா" என்று கூப்பிட்டார்.

அனுசியா எழுந்து போனாள். வராந்தாவில் பாதி தூரம் போய், பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் உள்ளேயே இருந்தாள். மகாராஜன் வெளியே நின்று, "பாப்பா, அப்பால்லா வந்திருக்கேன்" என்று கொஞ்சிக் கொஞ்சிக் கூப்பிட்டான். அவன் குரல் கேட்காமல் இருக்கப் பிள்ளை உள்ளே குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் கதவுக்கு அடியில் வழிந்து வராந்தாவுக்கு வந்துவிட்டது. வகுப்பாசிரியைதான், தலைமையாசிரியரைக் கேட்காமல், சந்தனமாரி அக்காவுக்குப் போன் செய்தார். அக்கா எனக்குச் செய்தார்: "புகார் எழுத ஆள் வேணும், கெளம்பி வா."

நான் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது அக்காவும் முத்துச்செல்வியும் ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார்கள். கிருபாநிதி பேசிக்கொண்டிருந்தார்.

"புருசன் பொண்டாட்டி சண்டையில பிள்ளைய நடுவுல இழுக்காதீங்கம்மா. அவரு எவ்வளவு அமைதியா இருக்காரு, பாருங்க."

இந்த இடத்தில் முத்துச்செல்வியை நான் பேச வைத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். கதை எழுதுகிறவர்கள் அப்படிச் செய்வோம்தான். ஆனால் இது அவளே பேசியது.

"சார், அவியளுக்குப் போன் போட்டியளே, பிள்ள ஏன் அவிய கூட இல்லன்னு கேட்டியளா?"

"அது ஒங்க குடும்ப விசயம்மா."

"குடும்ப விசயம்னா நீங்க ஏன் சார் போன் போட்டிய?"

முத்துச்செல்வி மகாராஜனைத் தாண்டிப் போய், கழிப்பறை வாசலில் ஈரத் தரையில் உட்கார்ந்தாள்.

"அனு, அம்மா."

குழாய் நின்றது.

"அவிய போயாச்சா?"

"இல்ல. நிக்காவ. நானும் இங்கனதான் இருக்கேன்."

போய்விட்டார் என்று பொய் சொல்லியிருந்தால் கதவு சீக்கிரம் திறந்திருக்கும். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. பாவாடை முழுக்க நனைந்து வெளியே வந்தவள், அம்மாவின் தோளில் முகத்தை அழுத்திக்கொண்டாள்.

மகாராஜன் மக்ரூன் பொட்டலத்தை ஜன்னல் திண்டில் வைத்தான். முத்துச்செல்வியின் பக்கமாகக் குனிந்து, மெதுவாக, சிரித்த முகத்தோடு சொன்னான்:

"சரி. எந்த ஏரியான்னு இப்பம் தெரிஞ்சு போச்சுல்லா."

பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

6

அந்த வாக்கியத்தைப் புகாரில் எழுதினேன். "இதுல மிரட்டல் எங்க மேடம் இருக்கு?" என்றார் உதவி ஆய்வாளர். எட்டு வரியில் அது வரவில்லை. நீதிமன்ற உத்தரவை மீறுவதே சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்று சந்தனமாரி அக்கா, மறுபடி பழைய குரலுக்கே வந்து, நிலையமே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு உரக்கச் சொன்னார். "குடும்பஸ்தரும்மா, வியாபாரி" என்றார்கள். கடைசியில் பதிவேட்டில் ஏறியது இது: அறிவுரை கூறி அனுப்பி வைக்கப்பட்டார்.

அனுப்பி வைக்கப்பட்டவன் வீட்டுக்குப் போனான். வெள்ளிக்கிழமை காலை மண்டியைத் திறந்தான்.

ஊரைவிட்டுப் போக வேண்டியவர்கள் தாயும் பிள்ளையும்! ஏரியா தெரிந்துவிட்டால் காப்பகத்தில் வைத்திருக்க முடியாது. அங்கே இன்னும் ஐந்து பெண்களும் ஒன்பது பிள்ளைகளும் இருக்கிறார்கள். தப்புச் செய்தவன் படுக்கை, தலையணை, கடை, தெரு, மரியாதை எதையும் விடவில்லை. ஒன்றும் செய்யாத எட்டு வயதுப் பிள்ளை மூன்று மாதத்தில் இரண்டாவது பள்ளிக்கூடத்தை விட்டாள். இதை எந்த நடையில் எழுதினால் சரியாக இருக்கும்? எனக்கு எந்த நடையும் கைகொடுக்கவில்லை. அதனால் வெறுமனே சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர்களை வேறு ஊருக்குக் கூட்டிப் போக வேன் வந்தது. அனுசியா ஏறுவதற்கு முன் என்னிடம் வந்தாள்.

"டீச்சர், அந்த ஸ்கூல்லயும் பாத்ரூம்ல தாப்பா இருக்குமா?"

"இருக்கும்" என்றேன். வேறு என்ன சொல்வது?

7

மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ) முத்துச்செல்வி தையல் கற்றுக் கடை வைக்கிறாள். (இப்படிப்பட்ட பெண் கதையில் வந்தால் ஒரு தையல் மிஷினைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அவளுக்குத் தைக்கப் பிடிக்குமா என்று நான் கேட்டதே இல்லை.)

ஆ) மகாராஜன் மனம் திருந்துகிறான். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை.

இ) நீதிபதி மகாராஜனை— வழக்கு இன்னும் நடக்கிறது. தீர்ப்பை நான் எழுதக் கூடாது.

உண்மையான முடிவு எனக்குத் தெரியாது. எந்த ஊருக்குப் போனார்கள் என்று சந்தனமாரி அக்கா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தெரிந்தால் எழுதிவிடுவேனோ என்று பயம். மகாராஜன் வாசிக்கிற ஆள்தான். அவனுக்காகப் பெயர்களை மாற்றியிருக்கிறேன், ஊரை மாற்றியிருக்கிறேன். விளாத்திகுளத்துக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

ஆனால் நீங்களும் வாசிக்கிறீர்கள். பள்ளி அலுவலகத்திலோ, தாலுகா ஆபீஸிலோ, ஆஸ்பத்திரிச் சீட்டுக் கொடுக்கிற இடத்திலோ உட்கார்ந்திருப்பவராக இருக்கலாம். ஒருநாள் ஒரு பெண், தன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உங்கள் மேசைக்கு முன்னால் வந்து நிற்பாள். ஏதோ ஒரு காகிதம் குறையும். "வீட்டுக்காரர் வரலையா?" என்று உங்கள் வாய் வரைக்கும் வரும். கேட்டுப் பழகிய கேள்வி, தப்பான எண்ணமே இருக்காது. அவள் பதில் சொல்லாமல் நிற்பாள். பிள்ளை உங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்.

அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை என்னால் எழுத முடியாது. பேச வேண்டியது நீங்கள்.